பதினான்கு பேரும் ஏழுமலையும்

இந்த ஊரில் என்னைப் பார்ப்பவர்கள் முதலில் விசாரிப்பது என் இடது முழங்காலைத்தான். தபால்காரர், ரொட்டிக்கடை அம்மாள், ஆடு நொண்டுகிறது என்று ஆளனுப்பும் பண்ணைக்காரர், யாரானாலும் "முழங்கால் எப்படி?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த பேச்சு. சாப்பிட்டாயா என்று ஒருவரும் கேட்டதில்லை. அந்த முழங்காலுக்கு ஒன்றும் இல்லை என்பதுதான் வேடிக்கை. நியூசிலாந்துக்கு மாட்டு டாக்டராக வந்த முதல் வருடம், பண்ணைக்காரர்கள் என்னை ரக்பி ஆட இழுத்துக்கொண்டு போனார்கள். பந்தோடு ஓடினேன். ஒருவன் இடுப்பைக் கட்டிச் சாய்த்தான். எங்கள் திண்டிவனத்துச் சடுகுடுவில் பிடிபட்டவன் அவுட். மறுபேச்சு பேசாமல் வெளியே போய் உட்கார வேண்டும். நானும் எழுந்து, பந்தைக் கீழே வைத்துவிட்டு, ஒரு கையை உயர்த்திக்கொண்டு நடையைக் கட்டினேன். அணித்தலைவன் கெவின் பதறி ஓடிவந்து, என் முழங்காலைக் காட்டி ஏதோ கேட்டான். அவனுடைய ஆங்கிலம் எனக்கு அப்போது பிடிபடாது. தலையை ஆட்டி வைத்தேன். நல்ல முழங்காலுக்குப் பெரிய கட்டாகப் போட்டுவிட்டார்கள். பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டது, ஊர் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறது.

பிறகு ஆட்டம் புரிந்தது. இதில் பந்தை முன்னால் எறியக் கூடாது. பின்னால் வருகிறவனுக்குத்தான் கொடுக்க வேண்டும். யாராவது பிடித்துச் சாய்த்தால், விழுகிறபோதே உடம்பைத் திருப்பி, பந்தைப் பின்பக்கமாக வைத்துவிட வேண்டும். உன் ஆட்கள் பதினான்கு பேர் பின்னாலேயே வந்து எடுத்துக்கொள்வார்கள். பார்த்துவிட்டு வைப்பதில்லை. வருவார்கள் என்று நம்பி வைப்பது. இந்த நம்பிக்கை என் உடம்பில் ஏற இரண்டு வருடம் ஆயிற்று.

ரக்பி இங்கே குளிர்காலத்து ஆட்டம். செப்டம்பரில் முடிந்தால் மார்ச் வரை மைதானத்தில் ஆடு மேயும். எனக்கு அப்போது நாற்பத்துநாலு வயது. "அஞ்சு மாசம் சும்மா இருந்தா, அப்புறம் நீ டீதான் ஊத்தணும்" என்று கெவின் சிரித்துக்கொண்டே சொன்னான். எண்பதுகளின் நடுவில் ஒரு மார்கழியில் ஊருக்குப் போனபோது, பந்தின் காற்றைப் பிடுங்கி, வேட்டிகளுக்கு நடுவே மடித்து எடுத்துக்கொண்டு போனேன்.

திண்டிவனத்துச் சைக்கிள் கடைக்காரர் அதற்குக் காற்றடித்துவிட்டு உருட்டி உருட்டிப் பார்த்தார். "என்னாங்க இது, ஒரு பக்கம் வீங்கிக்கினு வருது? ட்யூப்பு பேஜாரா இருக்குமா?" என்றார். அதன் வடிவமே முட்டை மாதிரிதான் என்றேன். அவர் நம்பவில்லை.

விடியலில் ஏரிக்கரை மேல் ஓடுவேன். பனியில் தண்ணீர் எது, வானம் எது என்று தெரியாது. மயிலம் பக்கமிருந்து வரும் முதல் பஸ்ஸின் விளக்கு மட்டும் மிதந்து போகும். எந்த நாட்டில் ஓடிக்கொண்டிருக்கிறேன் என்பதே சில சமயம் மறந்துவிடும். எனக்குப் பின்னால் ஏழுமலை ஓடிவந்தான். விழுப்புரம் ஜங்ஷனில் ரயில்வே வேலை. இளவயதில் எங்கள் சடுகுடு அணியில் அவன் பிடிப்பான், நான் பாடிப் போவேன். நான் திரும்பிப் பார்க்காமல் பந்தைப் பின்னால் போடுவேன். அவன் பிடித்துக்கொள்வான்.

"எதுக்குடா பின்னாலயே குடுத்துக்கினு இருக்கற?"

"ரூல் அப்படி."

"நல்ல ரூலு போ" என்று மூச்சு வாங்கினான்.

அவன் என்னோடு ஓடியதற்குக் காரணம் வேறு. காணும் பொங்கலன்று பக்கத்து ஊரோடு முப்பது தாண்டியவர்கள் ஆடும் சடுகுடு நடக்கும். பத்து வருடமாக எங்கள் ஊர் தோற்றுவந்தது. ஒவ்வொரு முறையும் ஏழுமலை மீசையைத் தடவிக்கொண்டு, "என் ஆளு சீமையில இருக்கறான். அவன் வரட்டும், அப்பப் பேசிக்கலாம்" என்று சொல்லி வைத்திருக்கிறான். இப்போது ஆள் வந்துவிட்டேன். அவனுடைய பத்து வருடத்து வாய்ப்பேச்சு என் தலையில் வந்து உட்கார்ந்தது. எனக்கு உள்ளூரப் பயமாகவே இருந்தது.

ஏரிக்கரைத் திடலில் ஊரே கூடியிருந்தது. பெண்கள் கரும்பைக் கடித்துக்கொண்டே எங்கள் தொப்பைகளை எண்ணினார்கள். ஆட்டம் சமமாக வந்து நின்றது. எங்கள் பக்கம் ஏழுமலை உட்பட எல்லோரும் அவுட். நான் ஒருவன்தான் மிச்சம். கடைசிப் பாட்டு. சடுகுடு என்று ஒரே மூச்சில் பாடிக்கொண்டு போனேன். பழைய வேகம் எங்கிருந்தோ வந்தது. ஒருவன் தோளைத் தொட்டேன். திரும்பிக் கோட்டை நோக்கி ஓடினேன். ஒரு முழம் இருந்தபோது பின்னாலிருந்து கணுக்காலைப் பிடித்தார்கள். மூச்சு இன்னும் இருந்தது. கையை முன்னால் நீட்டினால் கோடு, கோட்டைத் தொட்டால் வெற்றி.

நான் நீட்டவில்லை. விழுகிறபோதே என் உடம்பு தானாகத் திரும்பியது. பாட்டு நின்றது. இரண்டு கைகளும் இல்லாத ஒரு பந்தைப் பின்பக்கமாக, என்னைப் பிடித்தவர்களின் காலடியில், பத்திரமாக வைத்தன. அப்படியே காத்திருந்தேன்.

முதலில் கேட்டது ஏழுமலையின் குரல். "டேய், கோடு இங்க இருக்குதுடா! அங்க யாருக்குக் கைய நீட்டிக்கினு கெடக்கற?"

சாயங்காலம் அவனுக்கு டியூட்டி. விழுப்புரம் வரை நானும் அவனோடு பஸ்ஸில் போனேன். ஸ்டேஷன் எதிரில் டீ வாங்கித் தந்தான். எனக்கு வெட்கமாக இருந்தது.

"பின்னால ஆளுங்க வருவாங்கன்னு நெனச்சுட்டேன்டா" என்றேன்.

"அங்க நெஜமாவே வர்றாங்களா?"

"வருவாங்க."

"எத்தினி பேரு?"

"பதினாலு பேரு."

கிளாஸைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்தான். "நல்ல ஊருதான்" என்றான். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "நானும் கோட்டுக்கிட்டயேதான்டா நின்னுக்கினு இருந்தேன்" என்றான். அவனுக்குக் கோபமே இல்லை. கோபித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். பிளாட்பாரத்தில் மணி அடித்தது, போய்விட்டான்.

மார்ச்சில் கெவின் எனக்கு டீ ஊற்றும் வேலை தரவில்லை. முதல் ஆட்டத்தில் மழை. பந்தோடு ஓடினேன், மூன்று பேர் சேர்ந்து சேற்றில் சாய்த்தார்கள். என் மேல் கனமாக மனிதர்கள் விழுந்தார்கள். பதினான்கு பேரும் வந்துவிட்டது காலடி ஓசையில் தெரிந்தது. இடது கை பந்தைப் பின்னால் வைத்தது. வலது கை எவ்வளவு நீள முடியுமோ அவ்வளவு முன்னால் நீண்டு, சேற்றில் இல்லாத ஒரு கோட்டைத் தேடியது.

கெவின் ஓடிவந்து குனிந்தான். "முழங்காலா?" என்று கேட்டான்.

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.