இரண்டு மணிக்கே விழிக்கும் உடம்பு

நாற்பது வருடம் ஒற்றசேகரமங்கலத்துப் பக்கம் ரப்பர் பால் வெட்டினேன். அதிகாலை இரண்டு மணிக்கு எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் ஏறுவேன். சாயங்காலம் ஏழு மணிக்குக் கண் தானாக மூடிவிடும். அறுபத்தாறு வயதில் முட்டுவலி தாங்காமல் வேலையை விட்டேன். உடம்பு விடவில்லை. அதே இரண்டு மணிக்கு விழித்து, விடியும்வரை கூரையைப் பார்த்துக் கிடந்தேன்.

வளைகுடாவில் இருக்கும் மகனிடம், "உறக்கமே இல்ல மக்கா" என்று புலம்பினேன். ஊருக்கு வந்த ஒருவரிடம் மெலடோனின் என்னும் உறக்க மாத்திரைக் குப்பி ஒன்றைக் கொடுத்தனுப்பினான். விழித்த உடனே ஒன்றை விழுங்குவேன். காலை ஒன்பது மணிக்கும் தலை கல்லாகக் கனக்கும். ஒருநாள் ரேஷன் கடை வரிசையில் நின்றபடியே உறங்கி, அரிசி மூட்டைமேல் சாய்ந்துவிட்டேன். அன்றே மனைவி என்னையும் குப்பியையும் பெருங்கடவிளையில் ஒரு டாக்டரம்மாவிடம் கொண்டுபோனாள்.

"மாமனுக்கு என்ன ஜோலியாயிருந்து?" என்று கேட்டாள் அந்தச் சிறு வயதுக்காரி.

"பால் வெட்டாக்கும். இப்பவும் ஏழு மணிக்குக் கிடந்தா ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துரும்."

அவள் சிரித்துவிட்டாள். "ஏழு மணிக்குக் கிடந்து ரெண்டு மணிக்கு எழும்பினா ஏழு மணிக்கூர் உறக்கம் உண்டல்லோ! உறக்கம் குறையல்ல, நேரமாக்கும் சரியில்லாதது."

பிறகு நான் தின்னும் மருந்துகளை வாங்கிப் பார்த்தாள். ரத்தம் கட்டாமலிருக்கத் தின்னும் மாத்திரையைக் கண்டதும் முகம் மாறியது. "இந்த மாத்திரைகூட அந்தக் குப்பி மருந்தையும் டாக்டர்கிட்ட கேக்காம தின்னப்பிடாது. குப்பிய தூர எடுத்து வையுங்க. அந்தியில வெளிச்சத்துல நடங்க. ராத்திரி ஒம்பது மணி வரை கிடக்காதீங்க."

முதல் வாரம் பெரும்பாடு. எட்டு மணிக்குத் தலை ஆடும். மனைவி தோளில் தட்டுவாள். ஆனால் ஒன்றைக் கண்டேன். ஏழு மணிக்குப் பிறகு அவள் எப்படி இருப்பாள் என்பதே எனக்கு இத்தனை வருடமாகத் தெரிந்திருக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்களோடு முற்றத்தில் உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரிக்கிறாள். சீட்டாட்டத்தில் கள்ளம் காட்டுகிறாள்!

"என்ன பாக்குதிய?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. எனக்கும் சீட்டு போடு."

இப்போது விழிப்பு நாலரைக்குத் தள்ளிப்போயிருக்கிறது. போன ஞாயிறு ஐந்தரை. சீட்டில்தான் இன்னும் ஒருமுறைகூட ஜெயிக்கவில்லை.