காலமாகிவிட்ட வாடிக்கையாளர்

போன ஞாயிற்றுக்கிழமை என் அக்கா இறந்ததற்குத் துக்கம் விசாரிக்க இரண்டு பேர் வந்தார்கள். கதவைத் திறந்தது... என் அக்காதான்.

சிரிக்காதீர்கள்.

ஆன்லைனில் எதை வாங்கினாலும் முதலில் தள்ளுபடியைத் தேடுகிற ஆள் நான். இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியாததா? கிள்ளானில் ஒரு கணவனும் மனைவியும் வீட்டிலேயே மசாலாத் தூள் அரைத்து, முறுக்கு சுட்டு, மாதாமாதம் பார்சல் அனுப்புகிறார்கள். சந்தா சேர்ந்தால் முதல் மாதம் பாதி விலை. விடுவேனா?

என் பெயரில் சேர்ந்தேன். பார்சல் வந்ததும் ரத்து. அடுத்த மாதம் மனைவி பெயரில் — அதுவும் ரத்து. மூன்றாவது மாதம், கிள்ளானில் தனியாக இருக்கும் அக்காவின் பெயரையும் முகவரியையும் போட்டேன். "பார்சல் வரும்க்கா, பாதி நீ எடுத்துக்கோ" என்று தாராளமாகச் சொல்லியும் வைத்தேன்.

ரத்து செய்யப் போனால் காரணம் கேட்பார்கள். 'விலை அதிகம்' என்று சொன்ன முதல் தடவை கெஞ்சி மெசேஜ் வந்தது. 'ருசி பிடிக்கவில்லை' என்ற இரண்டாம் தடவை, மன்னிப்புக் கேட்டு போனே வந்தது. இந்த முறை பட்டியலின் அடிவரை போனேன். கடைசி வரி — 'வாடிக்கையாளர் காலமாகிவிட்டார்'.

தொட்டேன். ஒரு கேள்வி இல்லை, முடிந்தது. என்ன மூளை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

எனக்குத் தெரியாமல் நடந்தது ஒன்று உண்டு. பார்சல் வந்த அன்றே அக்கா பார்சல் அனுப்பும் அந்தப் பெண்ணுக்கு போன் செய்து, சாம்பார் தூளைப் பாராட்டி அரை மணி நேரம் பேசியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் என் வீட்டிலிருந்து அக்கா வீட்டுக்குப் போய், சோபாவில் சாய்ந்து, அதே முறுக்கைத்தான் கடித்துக்கொண்டிருந்தேன். வாசலில் வெள்ளை உடுப்பில் ஒரு பெண், பின்னால் கணவர்.

"சரோஜா ஆன்டி வீடுதானே அக்கா? நாங்க மசாலா பார்சல் போடறவங்க. ஆன்டி தவறிட்டாங்கன்னு பார்த்தோம்... மனசு கேக்கல. அதான் வந்தோம்."

"நான்தாம்மா சரோஜா."

அந்தப் பெண் அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதே விட்டாள். "சோரி ஆன்டி! எங்க சிஸ்டம்தான் ஏதோ தப்பா காட்டிடுச்சு போல..."

அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். பாதி கடித்த முறுக்கை மெல்லத் தட்டில் வைத்தேன்.

"சிஸ்டம் இல்லம்மா. தம்பிக்கு கண்ணு சரியா தெரியாது லா. போன்ல எதையோ அமுக்கிட்டான்" என்றார் சிரித்தபடி. அவர்களை உட்காரவைத்து டீ கலக்கப் போனார்.

அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆமாம், ஆமாம் என்று தலையாட்டினேன். "பரவால்ல அங்கிள், எனக்கும் அப்படி ஆகும்" என்று அந்தப் பெண் எனக்கே ஆறுதல் சொன்னாள். அவள் திட்டியிருந்தால் தேவலை.

இத்தனை நாள் ஏதோ ஒரு வெப்சைட்டை ஏமாற்றுவதாகத்தான் நினைத்திருந்தேன். நான் தட்டிவிட்ட காரணங்களை ஒவ்வொன்றாகப் படித்து, கெஞ்சியதும் மன்னிப்புக் கேட்டதும் இந்தப் பெண்தானே?

துக்க வீட்டிலிருந்து யாரும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. காரில் ஏறப் போன அந்தப் பெண் திரும்பி வந்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "போய்ட்டு வரேன் ஆன்டி!" என்றாள். அக்கா அதற்குள் முழு விலையில் தன் பெயரைப் புதிதாகப் பதிந்திருந்தார்.

கேட்டைச் சாத்திவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏன்டா தம்பி, என்னைச் சாகடிச்சதுல உனக்கு எவ்வளவு மிச்சம்?"

உண்மையில் பன்னிரண்டே வெள்ளிதான்.

அக்காவின் உயிருக்கு அவ்வளவு கம்மியாகச் சொல்ல வாய் வரவில்லை... "ஐம்பது" என்றேன்.