கேன் போடுபவரின் துண்டு

ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்குக் கேன் தண்ணீர் போடுபவருக்கு ஒரு பழக்கம். மூடியைப் பிரித்ததும், தோளில் கிடக்கும் துண்டால் கேனின் வாயை அழுத்தித் துடைத்துவிட்டுத்தான் கவிழ்ப்பார். முகத்து வியர்வையைத் துடைப்பதும் அதே துண்டுதான்.

"துண்டு வேணாம்ணா, அதுல கிருமி இருக்கும்" என்று ஒருநாள் சொன்னேன்.

"இன்னா சார், தூசியோட கவுத்தா கொயந்தைங்களுக்கு ஒத்துக்குமா?" என்று சிரித்தார்.

அவரோடு மல்லுக்கட்ட முடியாமல், அன்றிலிருந்து நாங்கள் கொதிக்கவைத்தே குடிக்கிறோம்.

போன வாரம் வாடிய முகத்தோடு வந்தார். மகளுக்கு மறுபடியும் டைபாய்டாம்.

"வூட்லயும் இதே கேன் தண்ணிதான் சார். நானேதான் தொடச்சி ஊத்தறேன். எங்கேர்ந்து வருதுன்னே தெர்ல."

துண்டைப் பற்றித் திரும்பவும் சொன்னேன். தலையாட்டினார். பிறகு அதே துண்டில் அழுக்குப்படாத மூலையாகத் தேடிப் பிடித்து, வழக்கத்தைவிட நெடுநேரம் துடைத்தார்.