அம்மா பாயில் இருந்து சாப்பிட்ட நத்தார்

ஐம்பதுகளின் பிற்பகுதியில் ஒரு மார்கழி மாதம். நாங்கள் அப்போது கல்முனையில் குடியிருந்தோம். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். எனக்குப் பதினைந்து வயதிருக்கும். கிறிஸ்து பிறப்புத் திருநாளான நத்தாருக்குச் சில நாட்கள் இருக்கையில் பிடித்த மழை விடவேயில்லை. வயல்பக்கக் குளம் உடைப்பெடுத்து வெள்ளம் ஊருக்குள் வந்துவிட்டது.

எங்கள் தேவாலயம் கொஞ்சம் மேட்டில் இருந்ததால், முஸ்லிம் ஊரான மருதமுனையிலிருந்தும், பாண்டிருப்பிலிருந்தும் சனம் நனைந்துகொண்டு வந்து சேர்ந்தது. உட்காரும் வாங்குகளை ஒதுக்கிப் பாய் விரித்தோம். நத்தார்ப் பலகாரத்துக்கு இடித்து வைத்திருந்த மாவையும் சர்க்கரையையும் அம்மா முதலில் கொண்டுவந்து பொதுவில் வைத்தார். சபைப் பெண்கள் எல்லோரும் அப்படியே செய்தார்கள்.

முதல் நாள் கஞ்சி ஊற்றும்போது, முஸ்லிம் பெண்கள் சிலர் பிள்ளைகளுக்கு மட்டும் கொடுத்துவிட்டுத் எங்கள் பானையில் ஆக்கியதென்று தாங்கள் தயங்கி நிற்பதை அம்மா கண்டார். வெள்ளத்தில் ஒரு பானையை மட்டும் தலையில் சுமந்து வந்திருந்த மருதமுனை நெசவுக்கார முஸ்லிம் குடும்பத்துப் பெண்ணிடம் போனார். முஸ்லிம் அக்காமாரை எங்கள் பக்கம் ராத்தா என்றுதான் கூப்பிடுவோம்.

“ராத்தா, நீங்க வந்து ஆக்குங்க. உங்கட பானையிலயே ஆக்குவம். நாங்க விறகு தள்ளுறம்.”

“உங்கட கோயில் குசினியில நானா?”

“ஓம். எல்லாரும் மனச்சங்கடமில்லாமத் தின்னட்டும்.”

அன்றிலிருந்து சமையல் ராத்தாவின் கையில். அம்மா தேங்காய் துருவினார், பரிமாறினார், எல்லோருடைய கோப்பைகளையும் கழுவினார். ஈரத்தில் ஊறி அவர் விரலிடுக்கெல்லாம் புண். வலிக்கவில்லையா என்று கேட்டேன். “கர்த்தர் சீஷருக்குக் கால் கழுவினவர். நான் கோப்பைதானே கழுவுறன்” என்றார்.

நத்தாருக்கு முதல் நாள் காலையில், வயல் வாடிக் குடிசையில் அகப்பட்டிருந்த ஒரு குடும்பத்தைக் கூட்டிவர அப்பா சிறிய தோணியில் போனார். மத்தியானம் திரும்பவில்லை. பொழுது சாய்ந்தும் வரவில்லை. அம்மா வரிசையாகக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார். கண் மட்டும் வாசலிலேயே இருந்தது. ராத்தா அதைப் பார்த்துவிட்டுத் தன் கணவரைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். அவர் இடுப்பளவு தண்ணீரில் சாய்ந்தமருதுக்குப் புறப்பட்டுப் போனார். அங்கே ராத்தாவின் தம்பி மீன்பிடிகாரர்.

விடிந்ததும் அவர்கள் கடல் தோணியைத் தெருவால் இழுத்துவந்து வயல் வெள்ளத்தில் இறக்கினார்களாம். எங்களுக்கு அது தெரியாது. தேவாலயத்துக்குள் நத்தார் ஆராதனை நடந்தது. இடம் போதாதென்று முஸ்லிம் குடும்பங்கள் தாங்களாகவே எழும்பித் தூறலில் வெளியே நின்றார்கள். அம்மாவால் பாட முடியவில்லை. கடைசிப் பாட்டு முடிவதற்குள் வெளியே ஒரே சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், ராத்தாவின் தம்பி தோளில் சாய்ந்தபடி அப்பா வருகிறார். பின்னால் அந்த வாடிக் குடும்பம். அப்பா போன தோணி வெள்ளத்தில் அடித்துப்போய், நெல் சூடடிக்கும் களத்து மேட்டில் எல்லோரும் இரவெல்லாம் இருந்திருக்கிறார்கள்.

அம்மா ராத்தாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். கண்ணைத் துடைத்துவிட்டு, பழக்கத்தில் அகப்பையை எடுக்கப் போனார். ராத்தா விடவில்லை.

“இண்டைக்கு உங்கட பெருநாள். நீங்க இரிங்க. நாங்க தாறம்.”

“எல்லாரும் தின்னட்டும், நான் பிறகு...”

“பிறகு இல்ல கா. இரிங்க.”

அம்மா பாயில் இருந்தார். வீட்டில்கூட எங்களுக்கு முன் அவர் சாப்பிட்டு நான் கண்டதில்லை. ராத்தா சோறு போட்டு, தம்பி கொண்டுவந்த கருவாட்டில் காய்ச்சிய ஆணத்தை அதன்மேல் ஊற்றினார். அம்மா கண்மூடி ஜெபித்தார். வழக்கமாக நீட்டிச் சொல்பவர், அன்று “ஸ்தோத்திரம் ஆண்டவரே” என்று மட்டும் சொன்னார்.

எத்தனையோ பேருக்குச் சோறு போட்ட அம்மாவை நான் நன்றியோடு நினைக்கிறேன். ஆனாலும் நத்தார் வந்தால் என் மனதில் முதலில் நிற்பது, இன்னொருத்தி போட்ட சோற்றைத் தலைகுனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த அவருடைய அந்த முகம்தான்.