அத்தையின் முட்டு வலி

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆடித் தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறச் சில நாட்கள் இருக்கும்போது, சங்கரன்கோவிலில் நடந்தது இது. எங்களுக்குக் கரிவலம்வந்தநல்லூர். காய்ச்சல் என்றாலும் கைகால் வலி என்றாலும் பஸ் ஏறிச் சங்கரன்கோவிலுக்குத்தான் போக வேண்டும். அங்கே ரத வீதிப் பக்கம் ஒரு டாக்டர் இருந்தார். கைராசிக்காரர். என் மாமியாருக்கு, அதாவது என் அத்தைக்கு, சாமிக்கு அடுத்தபடி அவர்தான்.

அந்த டாக்டரின் அறைக்குள்ளேயே ஒரு நீள பெஞ்சு உண்டு. ஒருவரைப் பார்க்கும்போதே அடுத்த நாலைந்து பேரையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துவிடுவார். ஒருவர் தன் வயிற்றைப் பற்றிச் சொல்ல, மற்றவர்கள் உம் கொட்டுவார்கள். யாருக்குச் சுகர் ஏறியிருக்கிறது, யாருக்கு நாள் தள்ளியிருக்கிறது, யாருக்கு மூலம், எல்லாம் பெஞ்சில் இருப்பவர்களுக்கு அத்துப்படி. அத்தைக்கு அந்த பெஞ்சு என்றால் உயிர். தன் முறை வந்தாலும், "அவுக அவசரத்துல இருக்காவ, முன்ன போட்டும்" என்று விட்டுக்கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு முழுச் செய்தியும் வாசித்துவிடுவார். பனவடலிசத்திரத்து மிலிட்டரிக்காரருக்கு ஒன்றுக்குப் போவதில் சிக்கல் என்பது, அவர் பெண்டாட்டிக்குத் தெரிவதற்கு முன்பே எனக்குத் தெரியும்.

அத்தை டாக்டரிடம் சொல்வது மட்டும் எப்போதும் ஒன்றே ஒன்றுதான். முட்டு வலி. டாக்டரும் முழங்காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு மாத்திரை எழுதித் தருவார், அத்தையும் அதை வாங்கி அலமாரியில் போட்டுவிடுவார்.

அந்த வருடம் பெரிய டாக்டர் ஓய்வெடுத்துக்கொள்ள, அவருடைய மகள் உட்கார ஆரம்பித்தார். வந்ததும் முதல் வேலையாக பெஞ்சைத் தூக்கி வெளியே போட்டார். இனி ஒரு நேரத்தில் ஒருவர்தான், கதவு சாத்தியிருக்கும், பேர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள், டோக்கன்தான். சின்னப் பிள்ளைகளைத் தவிர மற்றவர்களோடு வீட்டு ஆட்கள்கூட உள்ளே போகக் கூடாது, நோயாளியே கேட்டால் ஒழிய. ஊரில் ஒரே முணுமுணுப்பு. அத்தைக்குத்தான் ரொம்ப வருத்தம். "பெஞ்ச வெளிய போட்டாச்சுன்னா ஆஸ்பத்திரிக்குப் போயி என்னட்டி செய்ய?" என்று என்னிடமே கேட்டார்.

ஆனால் எனக்கு அப்போது வேறு கவலை. அத்தை வர வர வீட்டை விட்டு வெளியே வருவதையே நிறுத்தியிருந்தார். கல்யாணம், காதுகுத்து எதற்குக் கூப்பிட்டாலும் முட்டு வலி. பாதிச் சோறு தட்டிலேயே மிஞ்சியது. தபசு சமயத்தில் கோயிலை நூறு தடவைக்கு மேல் சுற்றி வருவார்கள், ஆடிச்சுத்து என்போம். எந்த வருடமும் அதை விடாத அத்தை, "இந்த வருசம் வேண்டாம்ட்டி, முட்டு வலிக்கி" என்றார். மாடிக்கு நெல் மூட்டையோடு ஏறி இறங்குகிறவருக்கு முட்டு வலியாம்! அவருடைய அக்கா மார்பில் வந்த கட்டியைச் சொல்லாமலே வைத்திருந்து, சொன்னபோது காலம் கடந்துபோயிருந்தது. அத்தையும் அப்படி எதையாவது மறைக்கிறாரோ என்று பயந்தேன். ஒரு நாள் காலையில் கையைப் பிடித்து இழுக்காத குறையாகச் சங்கரன்கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

டாக்டரிடம் என்னென்ன சொல்ல வேண்டும் என்று பஸ்ஸிலேயே பேச்சுப் போட்டிக்குப் போகிற பிள்ளை மாதிரி மனப்பாடம் செய்துவிட்டேன். டோக்கன் கூப்பிட்டதும் அத்தைக்கு முன்னால் நான் எழுந்தேன். வாசலில் நர்ஸ் மறித்தாள்.

"அம்மா மட்டும் போட்டும்க்கா. நீங்க இங்கன இருங்க."

"அவங்களுக்குச் சொல்லத் தெரியாதும்மா. முட்டு வலின்னுட்டு வந்துருவாங்க."

"அவங்க என்ன சொல்லணுமோ சொல்லிக்கிடட்டும்க்கா."

கதவைச் சாத்திவிட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இத்தனை வருடம் ஒரே வீட்டில் சோறு பொங்கிப் போட்டவளுக்குத் தெரியாத ரகசியம் என்ன இருக்கிறது? பெரிய டாக்டராக இருந்தால் இப்படி நடக்குமா என்று பக்கத்தில் இருந்தவர்களிடமும் புலம்பித் தீர்த்தேன்.

ரொம்ப நேரம் கழித்துக் கதவு திறந்தது. அத்தையின் கண்கள் சிவந்திருந்தன. நான் நேராக உள்ளே போய், "பயப்படும்படியா எதுவும் இருக்கா டாக்டர்?" என்றேன். அந்தப் பெண் என்னைவிடச் சின்னவள். அத்தையை உள்ளே அழைத்து, "அம்மா, ஒங்க மருமக கேக்காங்க. சொல்லலாமா?" என்றாள்.

அத்தை தரையைப் பார்த்துக்கொண்டு, "வேண்டாம் தாயி" என்றார்.

"அப்போ நான் சொல்லக் கூடாதுக்கா. அவங்க சம்மதிச்சாத்தான் உண்டு. மறுபடி காட்டச் சொல்லியிருக்கேன், மறக்காம அனுப்பி வைங்க."

மனசு விட்டுப்போனது. உண்மையைச் சொன்னால், கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. பஸ்ஸில் அத்தை ஜன்னலோரம், நான் இந்தப் பக்கம். முதல் தடவையாகச் செய்தி வாசிப்பு இல்லை.

சாயங்காலம் துபாயிலிருந்து என் வீட்டுக்காரர் பேசினார். "என்னட்டி, அம்மாவுக்கு என்ன செய்யுதாம்?" அத்தை அடுப்படியில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. என்னிடம் சொல்லவில்லை என்று புகார் சொல்ல நல்ல சமயம்தான். ஆனால் என்னவோ, வாயில் வந்தது வேறு. "முட்டு வலிதானாம். நீங்க ஒண்ணும் பதறாதீங்க" என்றேன். அத்தை நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தார்.

புது மாத்திரை அட்டை சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது. பேரைச் செல்லில் போட்டுப் பார்த்தால் ஒரு நிமிட வேலை. ஒரு தடவை கையில்கூட எடுத்துவிட்டேன். வேண்டாம் என்று என் முகத்துக்கு எதிரே சொன்னாரே, அவராகச் சொன்னால் சொல்லட்டும் என்ற வீம்பில் திரும்ப வைத்துவிட்டேன். பயம் மட்டும் போகவில்லை.

சில நாள் கழித்து, பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் அத்தையின் குரல்.

"ஏட்டி, திரும்பாத. அப்படியே நின்னு கேளு."

குழாயை மூடப் போனேன். "அத அடைக்காத, ஓடட்டும்" என்றார். அந்தத் தண்ணீர்ச் சத்தத்தில் சொன்னார். எத்தனை வருடமாக இருக்கிறது, எப்படியெல்லாம் மறைத்தார், ஒவ்வொரு கல்யாண வீட்டுக்கும் ஏன் போகவில்லை, எல்லாம். நான் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். தொட்டி நிறைந்து தண்ணீர் என் காலில் வழிந்தது.

"பெரிய டாக்டர்ட்டயாவது சொல்லியிருக்கலாமே அத்த?"

"அந்த பெஞ்சுல இருந்துக்கிட்டு எப்படிட்டி சொல்லுவேன்? நான் பஸ் ஏறி வாரதுக்குள்ள அது ஊரு வந்து சேந்துருமே! எனக்குத் தெரியாதா? எல்லார் சங்கதியையும் சொமந்துட்டு வந்தவளே நான்தான!"

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அவரும் சிரித்துவிட்டார். பிறகு மெதுவாக, "திருநவேலில ஆபரேஷன் செஞ்சா சரியாப் போயிரும்ங்காவ. தொணைக்கு வருவியாட்டி?" என்றார். அதற்கு மேல் திரும்பாமல் இருக்க முடியவில்லை. சோப்புக் கையோடு கட்டிக்கொண்டேன்.

நாங்கள் பயந்த மாதிரி எதுவும் இல்லை. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆர்லிக்சும் ஆப்பிளுமாகப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள், என்ன ஆபரேஷன் என்று. அத்தை வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டு, "முட்டு" என்றேன். எதிர்வீட்டு அக்கா விடவில்லை. "முட்டுல ஒரு கட்டுகூடக் காணுமே?" என்றாள். "உள்கட்டுக்கா" என்று சொல்லிக் காபி போட ஓடிவிட்டேன்.

அடுத்த தபசுக்கு அத்தை ஆடிச்சுத்துச் சுற்றினார். நான் பாதியிலேயே மூச்சு வாங்கி மண்டபத்தில் உட்கார்ந்துவிட்டேன். ஒவ்வொரு சுற்றுக்கும் என்னைக் கடந்து போகும்போது, "என்னட்டி, முட்டு வலிக்கா?" என்று கேட்டுவிட்டுப் போவார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல இருந்தது.

அதிலிருந்து எங்கள் தெருப் பெண்கள் அத்தையின் முட்டைச் சரிசெய்த டாக்டர் யார் என்று விசாரிக்க வருகிறார்கள். அத்தை குரலைத் தாழ்த்திச் சொல்வார்: "ஒத்தையில உள்ள போ. கதவச் சாத்திருவாவ. எந்த முட்டு வலிச்சாலும் பயப்படாமச் சொல்லு." கேட்டவள் ஒரு நிமிடம் அத்தையையே பார்ப்பாள். பிறகு எந்த பஸ்ஸுக்குப் போகலாம் என்று கேட்பாள்.

இதை எழுதட்டுமா என்று அத்தையிடமே கேட்டேன். "எழுது, ஆனா முட்டு வலின்னு எழுது" என்றார், எழுதிவிட்டேன். இப்போதெல்லாம் யாராவது ஒரு பெண் என்னிடம் வந்து முட்டு வலி என்று சொன்னால், எங்கே, எப்போதிருந்து என்று நான் துருவுவதில்லை. துணைக்கு வந்து அந்த வெளி பெஞ்சில் உட்கார்ந்திருக்கட்டுமா என்று மட்டும்தான் கேட்கிறேன்.