ஒட்டுக்கு மேலே அறுத்த மரங்கள்

ஹெஸ்டர் ஹெம்ப்ரோவின் தோப்பில் ஆப்பிள் மரங்கள் இடுப்பளவிலேயே கிளை பிரிந்துவிடும். இங்கிலாந்தின் சாமர்செட்டில் மற்ற தோப்புகளில் அடியில் மாடு மேய வேண்டும் என்பதால் ஆளுயரத்துக்கு மேல்தான் கிளை விடுவார்கள். ஏதோ புதுமுறை விவசாயம் என்று வெளியூர்க்காரர்கள் விசாரிப்பதுண்டு. உண்மையில் அது ராணுவத்தின் கைவேலை.

1940ஆம் வருடம் பிரான்ஸ் விழுந்ததும், அடுத்தது நம் நாடுதான் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். ஜெர்மன் டாங்கிகளைத் தடுக்க எங்கள் ஆற்றங்கரை நெடுகக் கான்கிரீட் அரண்கள் எழும்பின. தேவைப்பட்டால் பாலத்தைத் தகர்க்க வெடிக்குழி தோண்டினார்கள். பாலத்தைத் தாண்டி ஆறு ஓடும் திசையில், வண்டி இறங்கிக் கடக்கக்கூடிய ஆழமற்ற துறை ஒன்று உண்டு. அதைக் காக்க ஓர் அரண் தேவைப்பட்டது. மேட்டில் இடம் பார்த்தார்கள். அந்த மேட்டுக்கும் துறைக்கும் நடுவில் இருந்தது ஹெஸ்டரின் தோப்பு.

அப்போது அவருக்கு நாற்பத்தாறு வயது. கணவர் இறந்து மூன்று வருடம். குத்தகை நிலம், நான்கு மாடுகள், முப்பத்தெட்டு மரங்கள். சைடர் என்ற ஆப்பிள் மது வடிக்கும் ஆலைக்குப் போகும் அந்த ஆப்பிள்தான் குத்தகையைக் கட்டியது.

ஜூலையில் ஒரு நாள் காலைப் பால் கறந்துவிட்டு வந்தபோது இரண்டு மரங்கள் தரையோடு அறுபட்டுக் கிடந்தன.

“என்னய்யா அக்கிரமம் இது?”

“துப்பாக்கிக்கு முன்னாடி மரம் நிக்கக் கூடாதாம், அம்மணி. நான் மரத்தை அறுக்கலேன்னா அவங்க என்னை அறுத்துடுவாங்க” என்றார் ரம்பத்தோடு நின்ற கார்ப்பரல். பெயர் ரடிக். வடக்கே டரமில் கொத்தனாராக இருந்தவர். “அடிக்கட்டை இருக்கில்ல, திரும்ப முளைச்சிடும்.”

“முளைக்கும். காட்டு ஆப்பிள் முளைக்கும். இதோ, இந்த முடிச்சு தெரியுதா? இதுதான் ஒட்டு. இதுக்கு மேலதான் என் மரம். கீழ இருக்கறது காட்டுமரம். மேல அறுத்தா நாலு வருஷத்துல காய்க்கும். கீழ அறுத்துட்டா புதுக்கன்னு வெச்சுப் பன்னெண்டு வருஷம் காத்திருக்கணும். அதுவரைக்கும் நிலத்தை என்கிட்ட விட்டு வெப்பாங்களா?”

ஒட்டுமுடிச்சு எல்லா மரத்திலும் முழங்காலுக்குச் சற்று மேலே இருந்தது.

லெப்டினன்ட் பிரைஸ் வந்தார். இருபத்திரண்டு வயது இருக்கும். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “கட்டைங்க நின்னா எதிரி அதுக்குப் பின்னாடி ஒளிஞ்சுப்பானே” என்றார்.

“அந்தக் கட்டைக்குப் பின்னாடி ஒளியற அளவுக்கு எவனாவது குட்டையா இருந்தா, சார், அவனை நானே வைக்கோல் வார்ற கவையால குத்திருவேன்.”

லெப்டினன்ட் சிரிக்கவில்லை. ஆனால் சாயங்காலம் வரை நேரம் கொடுத்தார். “அரண்ல சுடறதுக்கு விடற துளை வழியா பார்த்தா துறை முழுசா தெரியணும். ஒரு குச்சி மறைச்சாலும் மரம் தரையோட போயிடும்.”

அரணுக்கு இன்னும் கான்கிரீட் ஊற்றவில்லை. சென்ட்ரிங் பலகைதான் நின்றது. ரடிக் உள்ளே மண்டியிட்டுத் துளையில் கண்ணை வைத்தார். ஹெஸ்டர் ஒவ்வொரு மரத்தருகிலும் போய்க் கவைக்காம்பை அளவுகோலாக நிறுத்திப் பிடித்து, அவர் சொன்ன உயரத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டார். சரிவில் இருந்த மரங்களில் கோடு ஒட்டுக்கு நன்றாக மேலேயே விழுந்தது. அரணுக்குப் பக்கத்துத் திட்டில் ஏழு மரங்கள்.

“இன்னும் கீழ. இன்னும் கொஞ்சம்.”

“இதுக்குக் கீழ ஒட்டு வந்துடுது தம்பி.”

“எனக்குத் தெரியுது அம்மணி. துறை தெரிய மாட்டேங்குதே.”

ஏழிலும் கோடு ஒட்டுக்குக் கீழேதான் விழுந்தது. ஏற்கெனவே போன இரண்டையும் சேர்த்தால் ஒன்பது. ஒன்பது மரம் போனால், மற்றவை திரும்பக் காய்த்தாலும் குத்தகை கட்ட முடியாது. ஹெஸ்டர் புல்லில் உட்கார்ந்துவிட்டார். சுண்ணாம்புக் கையை இடுப்பில் கட்டியிருந்த வேலைத்துணியில் துடைத்துக்கொண்டே இருந்தாராம்.

ரடிக் வெளியே வந்து வரைபடத்தை விரித்துப் பார்த்தார். பிறகு திருப்பிப் பிடித்தும் பார்த்தார்.

“துளை தளத்துலேர்ந்து எவ்வளவு உசரம்னு போட்டிருக்கான். தளம் எங்க இருக்கணும்னு போடலை” என்றார். “அம்மணி, அந்த இடிஞ்ச பன்றிக்கொட்டில் செங்கல் உங்களோடதா?”

“ஆமா.”

“இனிமே அது மன்னரோடது.”

ஆறு சிப்பாய்கள் பகலெல்லாம் செங்கல் சுமந்தார்கள். சென்ட்ரிங் பலகைகளைப் பிரித்து, அடியில் செங்கலையும் ஜல்லியையும் கொட்டி இடித்து, ஒரு சாண் உயரத்தில் மறுபடி நிறுத்தினார்கள். ரடிக் மீண்டும் மண்டியிட்டார். ஏழு மரத்திலும் கோடு ஒட்டுக்கு மேலே மூன்று விரல் ஏறியது.

சாயங்காலம் லெப்டினன்ட் வந்து நாடா பிடித்து அளந்தார். தளத்திலிருந்து துளைவரை படத்தில் உள்ளபடியே இருந்தது.

“மத்த அரணைவிட இது கொஞ்சம் உசரமா இருக்கே, கார்ப்பரல்?”

“இந்த ஊர் மண்ணு அப்படி, சார். பொங்குது.”

லெப்டினன்ட் தரையில் சிதறியிருந்த செங்கல் தூளைப் பார்த்தார். ஹெஸ்டரின் சுண்ணாம்புக் கையையும் பார்த்தார். “சுத்திப் புல்கட்டி அடுக்கி மறைச்சிடுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறினார். ஹெஸ்டர் இந்தக் கதையைச் சொல்லும்போது, ரடிக்குக்குச் சொல்லும் நன்றியில் பாதியை அந்தப் பையனுக்கும் ஒதுக்குவார்.

கோடைநடுவில், இலையும் பிஞ்சுமாக நின்ற மரங்களை அறுத்தார்கள். வெட்டுவாயில் சாணியும் களிமண்ணும் அப்பினார் ஹெஸ்டர். இரண்டு வாரத்தில் அந்தப் படை அடுத்த பாலத்துக்குப் போய்விட்டது. குளிரில் ஐந்து மரங்கள் பட்டுப்போயின. திட்டில் இருந்த ஏழும் தளிர்த்தன. பக்கத்து ராணுவ முகாமின் துணி வெளுத்து, முட்டை விற்று அவர் குத்தகையைக் கட்டினார். அந்த அரணிலிருந்து கடைசிவரை யாரும் ஒரு குண்டும் சுட நேரவில்லை.

1944 அக்டோபரில் மரங்கள் நன்றாகக் காய்த்தன. முதல் பெட்டியை ரடிக்கின் பெயர் எழுதிப் படைப்பிரிவின் விலாசத்துக்கு அனுப்பினார். கிறிஸ்துமஸுக்கு முன் கடிதம் வந்தது.

‘அம்மணி, பெட்டி கிடைத்தது. ஆளுக்கு ஒன்று கடித்தோம். இன்னும் யாருக்கும் வாய் சரியாகவில்லை. இதற்காகவா நான் உங்கள் பன்றிக்கொட்டிலைச் சுமந்தேன்?’

கசந்து துவர்க்கும் சைடர் ஆப்பிளைக் கடித்துத் தின்னக் கூடாது என்பது டரமில் யாருக்கும் தெரியாது என்று அனுப்பும்போது ஹெஸ்டருக்குத் தோன்றவேயில்லை. அடுப்படியில் நின்றபடி வெகுநேரம் சிரித்தார். பிறகு கடிதத்தில் இருந்த புது விலாசத்தைப் பென்சிலால் ஒரு பலகைத் துண்டில் எழுதினார். வசந்தத்தில் சைடர் பக்குவமானதும், பன்னிரண்டு புட்டிகளை வைக்கோலில் சுற்றி, அந்தப் பலகையைப் பெட்டியின்மேல் ஆணியடித்து அனுப்பிவைத்தார்.