எந்த வாசல் வழியாக நுழைந்தார் அந்தோணி அண்ணன்?

செவ்வாய்க்கிழமை காலை ஈப்போவின் புந்தோங் வட்டாரத்தில் எங்கள் கடையைத் திறக்கப் போனபோது பக்கத்துக் கடை அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க அண்ணன் போயிட்டாருலா. மாரடைப்பாம்."

கூடப் பிறக்காவிட்டாலும் நான் அண்ணன் என்றே கூப்பிட்ட திரு. அந்தோணி அவர்கள் அந்தக் கடையில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தியவர். பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்ட நான் அங்கே தட்டச்சு செய்தேன்.

சென்ற ஆண்டு அண்ணன் மஞ்சள்காமாலை கண்டு, ஈப்போவில் ஒரு தனியார் மருத்துவமனையில் படுத்திருந்தார். வார்டுக் கூடத்து மேசையில், நோயாளிகளின் பதிவுகள் உள்ள ஒரு கம்ப்யூட்டர் ஆளில்லாமல் இருந்தது. அது இரகசியச் சொல் கேட்டது. மருத்துவமனையின் பெயரையே அடித்தார், திறந்துகொண்டது. தம் பதிவில் மட்டும் இரத்த வகையை மாற்றிப் பார்த்து, மறுபடி சரிசெய்துவிட்டு நேராக இயக்குநரிடம் போனார்.

"யாரு வேணும்னாலும் மாத்தலாம் சார். தப்பான ரத்தம் ஏத்தினா ஆளு செத்துருவான்."

இயக்குநர் போலீசில் புகார் கொடுத்தார். பூட்டின்மேலேயே சாவியைத் தொங்கவிட்டவருக்கு வந்த ரோஷத்தைப் பாருங்கள்! அண்ணன் கம்ப்யூட்டருக்குள் அத்துமீறி நுழைந்தாராம். போலீஸ்காரர்கள் கடைக்கு வந்து எங்கள் இரண்டு கம்ப்யூட்டர்களையும் தூக்கிப் போனார்கள்.

இன்ஸ்பெக்டருக்கே குழப்பம். "எந்த வாசல் வழியா நுழைஞ்சீங்க?"

"ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டுப் போனாங்க சார். நான் வாசலைப் பார்க்கல."

இன்ஸ்பெக்டர் சிரித்தார். கம்ப்யூட்டர்களைத் தரவில்லை.

கம்ப்யூட்டர் பாதுகாப்பைச் சோதித்துப் பார்த்து, குறையை உரியவரிடமே சொல்பவரைக் காக்க ஒரு சட்டம் வேண்டும் என்று அண்ணன் அலைந்தார். ஒரு வழக்கறிஞர், "அப்படி எழுதினா திருடனெல்லாம் அதைக் காட்டித் தப்பிச்சுருவான்லா," என்றார்.

"எந்தத் திருடன் சார், வீட்டுக்காரனைக் கூப்பிட்டு உன் பூட்டு சரியில்லன்னு சொல்லுவான்?"

வழக்கறிஞர் கடிகாரத்தைப் பார்த்தார். பெரிய மனிதர்களுக்குப் பதில் தெரியாதபோது நேரமாகிவிடுகிறது.

மருத்துவமனை சத்தமில்லாமல் இரகசியச் சொல்லை மாற்றிக்கொண்டது. புகாரை மட்டும் மீட்டுக்கொள்ளவில்லை. ஞாயிறுதோறும் கோயிலில் அண்ணனோடு ஒரே பெஞ்சில் செபித்தவர்களும், "போலீஸ் கேசு வாத்தியாரு," என்று பிள்ளைகளை வகுப்பிலிருந்து நிறுத்திக்கொண்டார்கள்.

"சட்டம் வர்றப்ப வரட்டும் தங்கச்சி. என் பேரைத் துடைச்சுக் குடுத்தாப் போதும்," என்பார் அண்ணன்.

நேற்று அடக்கத்துக்கு மருத்துவமனை ஆள் ஒருவர் வந்து, பெட்டியின்மேல் ஒரு மலர்வளையம் வைத்தார். 'எங்கள் அருமை நண்பருக்கு' என்று தங்க எழுத்து. நாலு பேர் முன்னால் வாய் திறக்காத நான் கேட்டேன்.

"புகாரைத் திருப்பி வாங்கிட்டீங்களா சார்?"

"அது... டைரக்டர் விஷயம்மா."

மலர்வளையத்தை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தேன். அதைச் சுமந்துபோய், கார்க் கதவைத் திறக்கக் கை இல்லாமல் வெயிலில் நின்றார். ஒருவரும் உதவிக்குப் போகவில்லை.

பெட்டியின்மேல் உங்கள் பெயர் மட்டுமே இருந்தது, அண்ணே. அதில் ஒரு தூசும் இல்லை. அமைதியாகப் போங்கள்.